இரவல் கதிரையும் வாப்பாவின் குளிசையும்

ஏழையாக இருப்பதற்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை. ஏழை என்று அரசாங்கத்துக்குக் காட்டுவதற்குத்தான் கொஞ்சம் பயிற்சி வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான். அங்கே எனக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தார்கள், கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், மேன்மை தங்கிய துரை அவர்களுக்கு எப்படி விண்ணப்பம் எழுதுவது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏழை என்று காட்டும் பாடத்தை மட்டும் எப்படியோ விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையின் வழியாக என் வாப்பாவின் உயிரே போகப் பார்த்தது.

வாப்பாவுக்கு வியாபாரம். மருதமுனையில் நெசவுக்காரர்களிடம் சாரன்களை எடுத்து, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, சவளக்கடைப் பக்கத்து வயல் ஊர்களில் கொண்டுபோய் விற்பார். கல்முனையிலிருந்து அவ்வளவு தூரமும் மிதித்துப் போய், மிதித்தே திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட மனுசனைத் தொய்வு என்கிற மூச்சிழுப்பு பிடித்துக்கொண்டது. முதலில் பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார். பிறகு சமதரையிலும் தள்ளினார். கடைசியில் மூச்சுக்கும் சைக்கிளுக்கும் ஒத்துவராது என்றாகிவிட்டது.

ஆசுபத்திரி டாக்டர் சோதித்துப் பார்த்து, ஒரு துண்டில் ஒரு குளிசையின் பெயரை எழுதித் தந்தார். அந்தக் குளிசை ஆசுபத்திரியில் இல்லை, கடையில்தான் வாங்க வேண்டும். முடிந்ததும் மறுபடி டாக்டரிடம் வரத் தேவையில்லை. அதே துண்டைக் காட்டித் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். மருந்துக் கடையிலும் அது எப்போதும் இருக்காது. நாம் முன்கூட்டியே போய்ச் சொல்ல வேண்டும். கடைக்காரர் மட்டக்களப்புக்குச் சொல்லியனுப்புவார். பஸ்ஸில் வந்து சேரும்.

வீட்டில் இங்கிலீசு எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்தத் துண்டு என் பொறுப்பில் வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தலைகால் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கடைக்குள் ஏறி, துண்டைக் கையில் கொடுக்காமல், பள்ளிக்கூட மேடையில் நிற்பதுபோல நின்று முழுவதையும் உரக்க வாசிப்பேன். (டாக்டரின் கையெழுத்தில் ஓர் எழுத்துக்கூட எனக்கு விளங்கவில்லை. குளிசை வந்த தகரப் பெட்டியின் மேல் இருந்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.) கடைக்காரர் பொறுமைசாலி.

"வாசிச்சு முடிஞ்சா அத இஞ்சால தாங்க புள்ள. நானும் ஒருக்காப் பாக்கட்டும்" என்பார்.

இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தது. அதன் பிறகு குளிசைப் பெட்டி முன்னைப்போலச் சீக்கிரம் காலியாகவில்லை. என்னுடைய நிர்வாகத் திறமையால்தான் மருந்து நீடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உம்மாவிடம் அதைச் சொல்லியும் காட்டினேன். உம்மா குனிந்து அடுப்பை ஊதினார்.

ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்ததெல்லாம் பாதிப் பாதிக் குளிசைகள். வாப்பா பாக்குவெட்டியால் ஒவ்வொன்றையும் அழகாக இரண்டாக நறுக்கி வைத்திருந்தார். மருந்து பாதியானால் தொய்வும் பாதியாகிவிடும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. விலையைக் கேட்டு அவராகவே எடுத்த முடிவு அது. தொய்வு பாதியாகவில்லை. விடியும்போது அவர் நெஞ்சிலிருந்து வரும் சத்தம், தூர்ந்த குழாய்க் கிணற்றை அடிப்பதுபோல இருந்தது. சைக்கிள் வேலியில் சாய்ந்தபடியே நின்று துருப்பிடித்தது.

ஆசுபத்திரியில் மருந்து கட்டிக் கொடுக்கும் அப்போதிக்கரி ஐயாதான் வழி சொன்னார். வாங்க வசதியில்லாத குடும்பம் என்று அரசாங்கக் கந்தோரிலிருந்து விசாரித்து எழுதினால், ஆசுபத்திரியே அந்தக் குளிசையை எடுப்பித்து மாதாமாதம் சும்மா தருமாம். விண்ணப்பம் ஒன்று எழுதிப் போட வேண்டுமாம்.

உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பிச்சச் சம்பளம் எடுக்கிற வீடெண்டு சனம் கதைக்கும் மகள்" என்றார்.

"இது பிச்சையில்ல உம்மா. உரிமை" என்றேன். குடியியல் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

உரிமையென்று உம்மாவிடம் சொன்னேனே தவிர, எழுத உட்கார்ந்தபோது 'ஏழை' என்ற சொல் பேனாவிலிருந்து இறங்க மறுத்தது. 'கண்ணியமும் நேர்மையும் வாய்ந்த வர்த்தகராகிய என் தகப்பனார் தற்சமயம் சிறிது அசௌகரியத்தில் இருக்கின்றபடியால்' என்று தொடங்கினேன். 'தாங்கள் எம் இல்லத்துக்கு விஜயம் செய்து' என்று முடித்தேன். வாப்பா அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இரிக்கி. ஆனா இதுல மருந்து எங்க புள்ள வருது?" என்றார். மருந்தை அடிக்குறிப்பில் சேர்த்தேன்.

சில வாரங்களில் பதில் வந்தது. வியாழக்கிழமை முற்பகல் ஓர் உத்தியோகத்தர் விசாரிக்க வருவார், வீட்டில் இருக்கவும்.

இங்கேதான் நான் படித்த படிப்பு முழுவதும் ஒன்றுசேர்ந்து வேலைசெய்தது. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் ஓரிடத்தைப் பார்க்க வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் வருசந்தோறும் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து உலகப் படம் இரவல் வரும், பூச்சாடி வரும், ஒருமுறை ஆர்மோனியப் பெட்டிகூட வந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, 'மிகத் திருப்தி' என்று எழுதிவிட்டுப் போவார். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது கிடைக்கும். அதைவிடத் தெளிவான பாடம் வேறு என்ன இருக்கிறது?

"வீட்டச் சோடிக்கணும்" என்று அறிவித்தேன்.

வாப்பா தயங்கினார். "புள்ள, அவர் வாறது நம்மட இல்லாமையப் பாக்க இல்லியா?"

"உங்களுக்கு இதெல்லாம் விளங்காது வாப்பா. மரியாதையான வீடெண்டு கண்டாத்தான் மரியாதையா எழுதுவாங்க."

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா வாப்பாவைப் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்லுது" என்று இருவரும் அடங்கிவிட்டார்கள். அன்றைக்கு அவர்களில் ஒருவராவது என் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்திருக்காது.

எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களெல்லாம் உம்மாவின் சொந்தக்காரர்கள். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தானே சீதனமாகக் கொடுப்பார்கள். அக்கா தங்கச்சிகள் வேலிக்கு வேலி இருப்பார்கள். ஆகவே இரவல் வாங்கத் தூரம் போகத் தேவையில்லை. உம்மாவின் தங்கச்சியான சாச்சி வீட்டிலிருந்து சுவர் மணிக்கூடும் பூப்போட்ட திரைச்சீலையும் வந்தன. பாத்துமா ராத்தா வீட்டிலிருந்து தையல் மெசின் வந்தது. (மெசின் எதற்கு என்று ராத்தா கேட்டார். "பார்வைக்கு" என்றேன்.) பித்தளைப் படிக்கம், வெற்றிலை வட்டா, பீங்கான் கோப்பைகள் எல்லாம் வேலிக்கு மேலால் கைமாறி வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்கு அரசாங்கத் தலைமைக்காரரான விதானையார் வீட்டுச் சாய்மனைக் கதிரை. விதானையாரின் மனைவி எங்களுக்கு மாமி முறை. "அவர் விடியக்காலமே கந்தோருக்குப் போயிட்டார். பொழுதுபட முன்னம் கொண்டந்து வெச்சிரு புள்ள. அவர் அதுலதான் சாயிற" என்று தந்துவிட்டார். விதானையார் எதற்காக விடியக்காலமே கந்தோருக்குப் போனார் என்று மாமியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உம்மா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் அவித்தார். வாப்பாவுக்குக் கல்யாணத்தன்று போட்ட கோட்டைத் தேடியெடுத்துப் போட்டுவிட்டோம். கடைசியாக, சேனாதிபதி படைக்குச் சொல்வதுபோல வாப்பாவுக்கு ஒரு கட்டளையும் இட்டேன்.

"அவர் போற வரைக்கும் இருமக் கூடாது வாப்பா."

தொய்வுக்கு மருந்து கேட்கும் மனுசனிடம் இருமாதே என்று சொன்ன முதல் ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். வாப்பா, "ஓம் புள்ள, பாப்பம்" என்றார்.

நாங்கள் பெண்களெல்லாம் திரைக்குப் பின்னால் போய்விட்டோம். அந்நிய ஆண் வரும் வீட்டில் கல்யாணமாகாத குமர்ப் பிள்ளை முன்னால் நிற்க முடியாது. இரவல் தந்தவர்களும் தங்கள் சாமான்களைப் பார்க்கிற சாட்டில் வந்து சேர்ந்ததால், திரைக்குப் பின்னால் நல்ல நெருக்கம். நான் திரையின் ஓரத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டேன்.

உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனுசன், கையில் குடை, கக்கத்தில் தோல்பை. அவருக்குப் பின்னால், வழிகாட்டியாக, எங்கள் விதானையாரே உள்ளே வந்தார்.

என் பக்கத்தில் நின்ற விதானை மாமி என் கையைப் பிடித்தார். நகம் ஆழமாகவே பதிந்தது.

"இரிங்க ஐயா" என்று வாப்பா சாய்மனைக் கதிரையைக் காட்டினார். உத்தியோகத்தர் இருந்தார். விதானையார் நின்றபடியே கதிரையைப் பார்த்தார். கதிரையின் கையைப் பார்த்தார். அந்தக் கையில் தன் சுருட்டு சுட்ட தழும்பைப் பார்த்தார். பிறகு சுவரோர மர வாங்கில் போய் இருந்தார்.

உத்தியோகத்தர் வீட்டை ஒருமுறை கண்ணால் சுற்றி வந்தார்.

"மருந்துக்கு உதவி கேட்டது இந்த வீட்டிலையோ?"

"ஓம் ஐயா. எனக்குத்தான்" என்றார் வாப்பா, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"நல்ல வசதியாத்தானே இருக்கிறியள், பெரியவர்?"

உத்தியோகத்தர் பையிலிருந்து தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். "தையல் மெசின் ஒண்டு. ஆற்றை?"

வாப்பாவுக்கு நான் இருமாதே என்று சொல்லிக் கொடுத்தேனே தவிர, பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தாலும் அவருக்கு வராது.

"அது பாத்துமாட ஐயா. அடுத்த வீடு."

"மணிக்கூடு?"

"அது என்ட மச்சினிர."

"இந்தப் பித்தளைச் சாமானெல்லாம்?"

"அதுகளும் அந்தந்த வீட்டாக்கள்ர."

உத்தியோகத்தர் பேனாவை மூடினார். அவர் முகம் இறுகிவிட்டது. "நான் போற வீடெல்லாம் இதே கதைதான் பெரியவர். காணி மச்சானின்ரை, மாடு மாமாவின்ரை, நகை பக்கத்து வீட்டுக்காரியின்ரை. விசாரிக்க வாற அண்டைக்கு ஒருத்தருக்கும் ஒண்டும் சொந்தமில்லை."

இன்ஸ்பெக்டர்கள் இரண்டு வகை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவர் இருப்பதைப் பார்க்க வருவார். மற்றவர் இல்லாததைப் பார்க்க வருவார். வெளியே பாய்ந்து போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் திரையைத் தாண்ட முடியவில்லை. இந்த மனுசன் எழும்பிப் போய்விட்டால் மிஞ்சப்போவது வாப்பாவின் பாக்குவெட்டிதான்.

உத்தியோகத்தர் மறுபடி பேனாவைத் திறந்து, சாமான்களை ஒவ்வொன்றாக வாப்பாவின் பெயரின் கீழ் எழுதலானார். அதைப் பார்த்ததும் திரைக்குப் பின்னால் வேறொரு பயம் பரவியது. எழுதினால் அரசாங்கம் கொண்டுபோய்விடும் என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"ஐயா, எழுதாதீங்க!" பாத்துமா ராத்தாவின் குரல் திரையைக் கிழித்தது. "மெசின் என்ட! என்ட சீதன மெசின்!"

"மணிக்கூடு எங்கட!" இது சாச்சி. "சாவி என்ட இடுப்புல இரிக்கி, வேணுமெண்டாப் பாருங்க!" திரைக்கு அடியால் ஒரு கை நீண்டு, மணிக்கூட்டுச் சாவியை ஆட்டிக் காட்டியது.

உத்தியோகத்தர் திடுக்கிட்டுப் போனார். "திரைக்குப் பின்னாலை எத்தினை பேர் நிக்கினம்?"

"திரையும் எங்கட ஐயா" என்றார் சாச்சி.

உத்தியோகத்தர் மெதுவாகக் கதிரையில் நிமிர்ந்தார். தான் இருக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "அப்ப நான் இருக்கிற இந்தக் கதிரை?"

வாப்பா நிலத்தைப் பார்த்தார். விதானை மாமி என் கையை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

"அது என்ட" என்றார் விதானையார்.

"உங்கடையோ? உங்கட கதிரை இஞ்சை என்ன செய்யுது?"

"எனக்கும் அதுதான் விளங்கல்ல ஐயா. காலைல நான் வெளிக்கிடக்குள்ள வீட்டதான் இருந்திச்சு."

உத்தியோகத்தர் விதானையாரைப் பார்த்தார். வாப்பாவின் கல்யாணக் கோட்டைப் பார்த்தார். மேசையில் வட்டிலப்பத்தைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு சிரிப்பு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"பெரியவர், அப்ப உண்மையைச் சொல்லுங்கோ. இந்த வீட்டிலை உங்களுக்கெண்டு என்னதான் இருக்கு? வீடாவது உங்கடையோ?"

"வீடு என்ட பொஞ்சாதிர சீதனம் ஐயா. எனக்கு..."

அதற்குமேல் முடியவில்லை. அவ்வளவு நேரமும் எனக்காக அடக்கிவைத்திருந்த இருமல் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. கோட்டுப் பொத்தான் ஒன்று அறுந்து ஓடியது. வாப்பா கூரை வளையை எட்டிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, நெடுநேரம் இருமினார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் மூச்சு எட்டியதும் நெஞ்சில் கையை வைத்துச் சொன்னார்:

"இது மட்டும்தான் ஐயா எனக்குச் சொந்தம்."

நான் குமர் என்பதும் திரை என்பதும் மறந்துபோயின. குளிசைப் பெட்டியையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினேன். உத்தியோகத்தர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏன் எல்லாம் பாதியா இருக்கு?"

"முழுசு போட்டாச் சுறுக்கா முடிஞ்சிரும் ஐயா" என்றார் வாப்பா.

உத்தியோகத்தர் தான் எழுதியிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வேறொரு தாளை எடுத்தார். அதில் அதிக நேரம் எழுதவில்லை. விதானையாரிடம் நீட்டினார், அவரும் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"விண்ணப்பம் எழுதினது நீரோ?"

"ஓம்."

"நல்ல எழுத்து. வாசிச்சுப்போட்டு, ஆரோ கனவான் விருந்துக்குக் கூப்பிடுறார் எண்டெல்லோ வந்தனான்." வட்டிலப்பத்தைக் கையில் எடுத்தார். "இதாவது உங்கடையோ?"

"முட்டை சாச்சிர" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது சொன்னார்: "வருசத்துக்கு ஒருக்கா வந்து பாப்பினம் பிள்ளை. அப்ப கதிரை வேண்டாம். பாய் போதும்."

அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் போன ஊர்வலத்தைப் பார்க்காதவர் பாவம் செய்தவர். முன்னால் மெசின், அதற்குப் பின்னால் படிக்கம், அதற்குப் பின்னால் மணிக்கூட்டை இடுப்பில் பிள்ளைபோலத் தூக்கிய சாச்சி. விதானையார் யாரையும் நம்பவில்லை. கோட்டும் தலைப்பாகையுமாகத் தன் கதிரையைத் தானே தோளில் வைத்துக்கொண்டு போனார். வழியில் கண்டவர்கள், "என்ன விதானையார், கதிரையும் கந்தோருக்குப் போய்ட்டு வருதா?" என்று கேட்டார்களாம்.

அடுத்த மாதத்திலிருந்து குளிசை ஆசுபத்திரியிலேயே கிடைத்தது. முழுக் குளிசை. முடிய ஒரு வாரம் இருக்கும்போதே நான் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்லிவைப்பேன். (வாசிப்பதை விட்டுவிட்டேன்.) வாப்பா ஒருநாள் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டார். பிறகொரு நாள் மருதமுனைக்குப் போய்ச் சாரன் எடுத்து வந்தார். சவளக்கடை வரைக்கும் மிதித்துப் போய் வந்த அன்று, பாக்குவெட்டியை உம்மாவிடம் கொடுத்து, "இனி இது பாக்குக்கு மட்டும்" என்றார். எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்து முதல் சம்பளம் வந்ததும், இனி மருந்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று கந்தோருக்கு எழுதிப் போட்டேன். மூன்றே வரி. அசௌகரியம், விஜயம் எதுவும் அதில் இல்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமையிலிருந்து நான் தப்பவில்லை. நான் வீட்டுக்கு எதை வாங்கி வந்தாலும், அது கோப்பையாக இருந்தாலும் குடையாக இருந்தாலும், வாப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆர்ர புள்ள?" என்பார். "நம்மட வாப்பா" என்று நான் சத்தமாகச் சொல்லும்வரை விடமாட்டார்.

போன வருசம் எனக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நிக்காஹ் முடிந்து, மாலையும் தொப்பியுமாக அவரை உள்ளே அழைத்து வந்து நிறுத்தினார்கள். சாச்சி, பாத்துமா ராத்தா, விதானை மாமி எல்லோரும் சுற்றி நின்றார்கள். வாப்பா அருகில் வந்தார். மாப்பிள்ளையை மேலிருந்து கீழாக ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, வீடு முழுவதும் கேட்கும்படியாக ரகசியம் கேட்டார்:

"இவர் நம்மடதானே புள்ள? பொழுதுபட முன்னம் ஆருக்காவது திருப்பிக் குடுக்கணுமா?"

வாசலில் இருந்த விதானையார் உள்ளே எட்டிப் பார்த்து, "இல்ல மச்சான், இது இரவல் இல்ல. வேணுமெண்டா நான் அத்தாட்சி எழுதித் தாறன்" என்றார்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒன்றும் விளங்காமல், என் வீட்டுக்காரர் தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.